டர்பனிலிருந்து கேப்டவுனுக்கு, மஞ்சள் மீன்களோடு

வியாழன், டர்பன்

லாரி மதியம் கிளம்பிவிட்டது. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், மகளின் சைக்கிள் எல்லாம் அதில்தான். நாலடி மீன்தொட்டியும் அதில்தான் போகிறது, காலியாக, அடியில் தெர்மாகோல் பலகை வைத்து, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே நெருக்கி. ஏற்ற வந்த பையன் ஒருவன், மணலை எதற்கு அள்ளுகிறீர்கள், அப்படியே இருக்கட்டுமே என்றான். நிரப்பினால் 240 லிட்டர், தண்ணீர் மட்டுமே 240 கிலோ, அதையே தாங்குகிற கண்ணாடிக்கு இந்த மணல் ஒரு பாரமா என்பது அவன் கணக்கு. தொட்டி ஒரே இடத்தில் சமமாக உட்கார்ந்திருக்கும்வரைதான் அந்தக் கணக்கு செல்லும். தூக்கும்போது ஒரு மூலை கொஞ்சம் இறங்கினால் போதும், ஈர மணல் மொத்தமும் அந்தப் பக்கம் சரிந்து சிலிக்கான் ஒட்டை இழுத்துவிடும். கசிவு அன்றைக்கே தெரிந்தாலும் பரவாயில்லை, புது வீட்டில் நிரப்பி முடித்து எல்லோரும் தூங்கிய பிறகுதான் தெரியும்.

மீன்கள் இப்போது காலி ஹாலில், துணி அடுக்கி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டில் இருக்கின்றன. எல்லாம் மலாவி ஏரி சிக்லிட் இனம், பெரும்பாலும் மஞ்சள் லேப் என்று கடைகளில் சொல்வது. எலுமிச்சை மஞ்சளில் உடம்பு, முதுகுத் துடுப்பில் கறுப்புக் கோடு. கூடவே ஒரு சக்கர் மீன், மூக்கெல்லாம் மீசை முளைத்த சின்ன ஜாதி. நேற்று இரவோடு தீவனம் நிறுத்தியாயிற்று. வயிறு காலியாக இருந்தால்தான் வழியில் கழிவு குறையும். ஆரோக்கியமான மீனுக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி ஒரு பொருட்டே இல்லை, மகள்தான் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள்.

இதில் ஒருத்திக்குப் பட்டினி புதிதும் இல்லை. பெரியவள் என்று நாங்கள் கூப்பிடும் பெண்மீன் போன வாரத்திலிருந்து வாய்க்குள் முட்டை வைத்திருக்கிறது. இந்த இனத்தில் தாய் முட்டையை வாயிலேயே அடைகாத்து, குஞ்சு நீந்தத் தயாராகும்வரை ஏறக்குறைய 3 வாரம் ஒன்றும் தின்னாமல் கிடக்கும். தாடை கீழே தொங்கி, எதையோ மென்றுகொண்டே இருப்பதுபோல் வாய் அசையும், முட்டைகளை உருட்டி உருட்டி அவற்றுக்குக் காற்று கொடுக்கிறது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "நிறைமாசக்காரிய யாராவது 1,600 கிலோமீட்டர் கூட்டிட்டுப் போவாங்களா?" என்றார். வேலை மாற்றல் வாங்கியது அவர். பெரியவளைக் கேட்டு வாங்கவில்லை.

வெள்ளி, டர்பன்

இன்று முழுக்க ஃபில்டர் வேலை.

வீடு மாறும்போது மீன்களை எப்படிக் கொண்டுபோவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மீன் பையில் போட்டால் போகும். உலகம் முழுக்க அலங்கார மீன்கள் விமானத்தில் அப்படித்தான் போகின்றன. கொண்டுபோகச் சிரமமானது ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா. மீன் வெளிவிடும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டும் புதுத் தொட்டியில் தானாக வளர்ந்து நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை மீன் தன் கழிவிலேயே வெந்துகொண்டிருக்கும். தொட்டித் தண்ணீரில் இந்தப் பாக்டீரியா மிகக் குறைவு. பழைய தண்ணீரைப் புனிதத் தீர்த்தம்போல் நூற்றுக்கணக்கான லிட்டர் சுமக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வண்டியில் இடம்தான் வீண். நான் இரண்டு 25 லிட்டர் கேன் மட்டும் எடுக்கிறேன், அதுவும் போய்ச் சேர்ந்ததும் தண்ணீரின் தன்மை ஒரேயடியாக மாறக் கூடாது என்பதற்காக.

பஞ்சுக்கு ஈரமும் காற்றும் வேண்டும். எங்களுடையது கேனிஸ்டர் ஃபில்டர், தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய டப்பா. அதை மூடியபடியே தூக்கி வண்டியில் வைத்தால் உள்ளே ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்து, அத்தனையும் செத்து நாறும். புது வீட்டில் அதை ஆன் செய்தால் அந்தச் சாக்கடை முழுவதும் தொட்டிக்குள்தான் போகும். அதனால் உள்ளே இருந்த பஞ்சு, பீங்கான் வளையம் எல்லாவற்றையும் ஒரு வாளியில், தொட்டித் தண்ணீரில் போட்டு, பேட்டரி காற்று பம்பு மாட்டியிருக்கிறேன். 2023இல் சில நாட்களில் ஏறக்குறைய பாதி நேரம் கரண்ட் இல்லாமல் லோட்ஷெட்டிங் நடந்தபோது வாங்கிய பம்புகள் இவை. அலமாரியில் மூன்று கிடந்தன. அந்த வருடத்தைத் திட்டாதவர் இந்த நாட்டில் இல்லை, ஆனாலும் பேட்டரியில் ஓடும் எந்தச் சாமானும் இல்லாத வீடும் இப்போது இல்லை.

சாயங்காலம் இதே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஆன்ட்டி வந்தார், வழிக்கு ரொட்டியும் உருளைக்கிழங்கு கறியும் கட்டிக்கொண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த நாலாம் தலைமுறை, கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசு. தமிழ் கொஞ்சம், இங்கிலீஷ் மிச்சம். வாளிகளைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு இவ்வளவு கஷ்டம், ஆத்துல விட்டுரு, பொழச்சுக்கும்" என்றார். பொழைத்துக்கொள்ளும் என்பதுதான் பயம். ரிச்சர்ட்ஸ் பே பக்கம் இன்செலேனி ஆற்றில் தென் அமெரிக்க சக்கர் மீன் இப்படித்தான் பெருகிக் கிடக்கிறது, யாரோ வளர்க்க முடியாமல் விட்டது. அதை விளக்கினேன். ஆன்ட்டி தலையாட்டினார், அப்புறம் வேறு கதைக்குப் போய்விட்டார்.

அந்தக் கதையைத்தான் இங்கே எழுத வேண்டும். நாளைக்கு எந்த வழி என்று கேட்டார், ஹாரிஸ்மித் போய் ப்ளூம்ஃபொன்டைன் தாண்டி என்றேன். "எங்க காலத்துல அங்க ராத்திரி தங்க முடியாது" என்றார். அந்த ஊர்கள் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்கக் கூடாது என்று 1891இல் போட்ட சட்டம் 1980களின் நடுப்பகுதி வரை இருந்தது, கடந்து போகலாம், தங்க முடியாது. ஆன்ட்டியின் வீட்டுக்காரர் கேப்டவுனுக்குச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகும்போது, பின்சீட்டில் நாலு பிள்ளைகளோடு, மாகாண எல்லையான ஆரஞ்சு ஆறு தாண்டும்வரை வண்டியை நிறுத்தாமல் ஓட்டுவாராம். பிள்ளைகளுக்கு மூத்திரம் வந்தால் ஒரு டப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நாங்களும் ஆற்றைத் தாண்டி கோல்ஸ்பெர்க்கில்தான் தங்குகிறோம், ஆனால் அது கேப்டவுனுக்கு ஏறக்குறைய பாதி வழி என்பதால்.

சனி இரவு, கோல்ஸ்பெர்க்

அதிகாலை 3 மணிக்கு டர்பன் புறநகரான ஃபீனிக்ஸிலிருந்து மீன் நண்பர் ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்தார். மனுஷன் தூக்கக் கலக்கத்திலும் கை தவறவில்லை. பைக்குள் பை, மூலைகளை முடிச்சுப் போட்டு உருண்டையாக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் மூலையில் சொருகிக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஆக்சிஜன், ஒரு பைக்கு ஒரு மீன். கூட்டமாகப் போட்டால் ஒன்றை ஒன்று கடித்துத் துரத்தும் ஜாதி இது. வழக்கமாகப் பையை விறைப்பாக ஊதுவார், இன்று கொஞ்சம் தளர்வாக விடச் சொன்னேன். காரணம் பின்னால் வரும். சக்கர் மீனுக்குப் பை கிடையாது, துடுப்பு முள் குத்திக் கிழித்துவிடும், அதனால் மூடி போட்ட வாளி. பெரியவளை வலையால் பிடிக்கவே இல்லை. வலையில் துள்ளினால் வாயிலிருப்பதைத் துப்பிவிடும் என்று, ஒரு டப்பாவைத் தண்ணீருக்குள் அமுக்கி, அதுவாக உள்ளே வரும்வரை காத்திருந்து அப்படியே தூக்கினோம்.

பைகள் தெர்மாகோல் பெட்டிகளில், பெட்டிகள் பின்சீட்டில். எங்கள் பக்கியின், அதாவது பிக்கப் வண்டியின், பின்பக்கம் கூண்டு இருக்கிறது, அங்கே வைத்தால் ஜூலை மாதக் குளிரில் மேட்டுநிலம் ஏறியதும் விறைத்துப்போகும். மகள் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தாள், கையில் தெர்மாமீட்டர், அரை மணிக்கு ஒருமுறை வாசித்துச் சொல்வது அவள் உத்தியோகம்.

என்3 சாலையில் மூயி ரிவர் தாண்டும்போது விடிந்தது. டர்பன் கடல் மட்டம். ஃபான் ரீனன் கணவாய் 1,600 மீட்டருக்கும் மேல். காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கணவாய் ஏறி முடித்ததும் ஓரமாக நிறுத்தி ஒரு பெட்டியைத் திறந்தேன். காலையில் தொளதொளவென்றிருந்த பைகள் இறுகி, விரலால் சுண்டினால் டொக்கென்று சத்தம். பக்கத்தில் மகளின் சிப்ஸ் பாக்கெட்டும் வெடிக்கிற மாதிரி உப்பிக் கிடந்தது. கடல் மட்டத்திலேயே விறைப்பாகக் கட்டியிருந்தால் ஏதாவது ஒரு முடிச்சு இங்கே விட்டிருக்கும். விமானத்தில் மீன் அனுப்புகிறவர்களுக்கு இதெல்லாம் பழகின விஷயம், ரோட்டில் போகிற நாம் மலை ஏறுகிறோம் என்பதையே மறந்துவிடுவோம். பைக்குள் மஞ்சள் மீன் அசையாமல் நின்று என்னைப் பார்த்தது, செவுள் மட்டும் நிதானமாக. சரி, மூடியாயிற்று. வெளிச்சம் பட்டால்தான் அவற்றுக்குப் பதற்றம்.

ஹாரிஸ்மித்தில் பெட்ரோல். அப்புறம் என்5, பெத்லஹேம், செனெகல். ரோட்டில் குழிகள் ஒவ்வொன்றும் சக்கரத்தை விழுங்குகிற அளவு, வீட்டுக்காரர் பாம்புபோல் வளைத்து ஓட்டினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னாலிருந்து "அப்பா!" என்று ஒரு அதட்டல். வின்பர்க்கில் என்1 பிடித்த பிறகு ரோடு சீர். ப்ளூம்ஃபொன்டைனில் ஆன்ட்டியின் ரொட்டியை வண்டி நிழலில் நின்று சாப்பிட்டோம், அவர் கதை நினைவு வந்து, வேண்டுமென்றே கொஞ்சம் அதிக நேரம் நின்றோம்.

விடுதி அம்மாளிடம் முன்பே போனில் சொல்லியிருந்தேன். அவர் "நாய் ஓகே, பூனை ஓகே, மீன் யாரும் கேட்டதில்லை" என்று சிரித்து, தனி ஹீட்டர் ஒன்று கொடுத்தார். வெளியே இப்போதே பூஜ்ஜியத்துக்குக் கீழே. பெட்டிக்குள் 23 டிகிரி. சுடுதண்ணீர் பாட்டில்களைத் துண்டில் சுற்றி ஓரங்களில் வைத்திருக்கிறேன், பையோடு ஒட்டாமல். பைகளை இன்று திறக்கக் கூடாது. மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயுவால் பிஎச் இறங்கும், பிஎச் இறங்கினால் அம்மோனியா அவ்வளவாக விஷமில்லாத அம்மோனியமாக இருக்கும். திறந்தால் வாயு பறந்து, பிஎச் ஏறி, அதே கழிவு விஷமாகும். நல்லது செய்வதாக நினைத்து நடு ராத்திரி பையைத் திறந்து காற்று விடுகிறவர்கள் இதனால்தான் காலையில் செத்த மீனைப் பார்க்கிறார்கள்.

பஞ்சு வாளியில் பம்பு ஓடுகிறது. அந்தக் குமிழிச் சத்தத்தில் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார், எனக்குத்தான் வரவில்லை.

ஞாயிறு இரவு, கேப்டவுன்

காலையில் வண்டிக் கண்ணாடி முழுவதும் உறைபனி, வீட்டுக்காரர் ஏடிஎம் கார்டால் சுரண்டி எடுத்தார். கரூ என்ற இந்த வறண்ட நிலத்தில் சொல்ல ஒன்றும் இல்லை என்று சொல்வார்கள். எனக்கு அந்த வெட்டவெளி பிடித்திருக்கிறது, கயத்தாறு பக்கம் சித்திரை மாதத்தில் பஸ்ஸில் போன ஞாபகம் வந்தது, இங்கே குளிர் மட்டும் கூடுதல். மூன்று சகோதரிகள் என்ற குன்றுகள் தெரிந்ததும் மகள் எது மூத்தவள் என்று கேட்டாள்.

போஃபோர்ட் வெஸ்ட்டில், உலகின் முதல் இதய மாற்று அறுவை செய்த கிறிஸ்டியான் பர்னார்ட் பிறந்த ஊரில், பெட்டிகளைச் சோதித்தேன். பெரியவளின் பையில், அடியில், அரிசிக் குருணை அளவில் நாலைந்து துடித்துக்கொண்டிருந்தன. கண் வந்துவிட்டது, வாலும் வந்துவிட்டது, வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் மஞ்சள்கருப் பை இன்னும் கரையவில்லை. இன்னும் ஒரு வாரம் வாய்க்குள் இருக்க வேண்டியவை. துப்பியிருக்கிறது. தாடையில் வீக்கம் பாதி மிச்சம், அப்படியென்றால் மீதி உள்ளேதான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பி ஒன்றை மறுபடி வாயில் எடுத்தது, விழுங்கியதா சேர்த்துக்கொண்டதா என்று சொல்லத் தெரியவில்லை. மகளிடம் சேர்த்துக்கொண்டது என்றேன்.

லாங்ஸ்பர்க் ஊரை நிறுத்தாமல் கடந்தோம். 1981 ஜனவரியில் ஒரே நாள் வெள்ளத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோன ஊர். அந்த வறண்ட ஆற்றைப் பார்த்தால் நம்பவே முடியாது. ஹெக்ஸ் ரிவர் பள்ளத்தாக்கில் இறங்கும்போது இலையே இல்லாத திராட்சைக் கொடிகள், மேலே மலையில் பனி. ஹியூகநோட் சுரங்கப்பாதையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது, பார்க்லண்ட்ஸ் வீட்டு வாசல்வரை விடவில்லை.

சாவி வாங்கியதும் முதல் வேலை குழாய்த் தண்ணீர். தண்ணீரின் காரத்தை அளக்கும் கேஎச் டெஸ்ட்டில் இரண்டாவது சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது. டர்பன் தண்ணீரும் மென்மைதான், இது அதைவிட மென்மை. மணற்கல் மலைகளில் பெய்து வரும் மழை, அதில் கரைய உப்பே இல்லை. நியான் டெட்ரா வளர்ப்பவர்களுக்குச் சொர்க்கம். மலாவி மீனுக்கு பிஎச் 8ஐ ஒட்டி இருக்க வேண்டும், தாங்கிப் பிடிக்கக் காரம் வேண்டும். பத்து லிட்டருக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா என்று டர்பனிலேயே பொட்டலம் கட்டி வைத்திருந்தேன். குளோரின் முறிக்கும் சொட்டு, கேனில் வந்த பழைய தண்ணீர், சோடா எல்லாம் துணிப் பெட்டிகளில் கலந்து, வாளியிலிருந்த பஞ்சு ஃபில்டர்களை மாட்டி, ஹீட்டர் போட்டு, 25 டிகிரி வந்ததும்தான் பைகளைத் திறந்தோம். சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் பழக்குகிற வேலை இங்கே கூடாது, மேலே சொன்ன அம்மோனியா கதைதான் காரணம். பையை மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் வெட்டி, மீனை மட்டும் எடுத்துவிட்டு, பைத் தண்ணீரை அப்படியே கழிவில்.

பத்தொன்பதில் பதினெட்டு வந்து சேர்ந்தன. கிழட்டு ஆண் ஒன்று பையிலேயே போய்விட்டது. அதற்கு ஏழு வயது இருக்கும்.

திங்கள், செவ்வாய்

லாரி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் என்றார்கள், பிறகு திங்கள் என்றார்கள், இப்போது வண்டி ஜார்ஜ் பக்கம் சுற்றி வேறு இரண்டு வீட்டுச் சாமானை இறக்கிவிட்டு வருகிறதாம். போனை எடுப்பவருக்கு மீனென்றால் தட்டில் வைக்கும் மீன்தான். நாங்கள் பாயில் படுக்கிறோம், மீன்கள் துணிப் பெட்டியில்.

பஞ்சை லாரியில் ஏற்றியிருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. காலையில் அம்மோனியா டெஸ்ட் வெளிர் மஞ்சளில் ஒரு பச்சை சாயல், மாலையில் தெளிந்த மஞ்சள். நைட்ரைட் நீலத்திலேயே நிற்கிறது, ஊதாவாகவில்லை. வேலை நடக்கிறது. காலையும் மாலையும் கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறேன், மாற்றுகிற தண்ணீர் முழுவதும் தோட்டத்துக்கு. 2018 வறட்சியில் இந்த ஊரில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். எங்கள் தொட்டி ஒன்றே ஏறக்குறைய ஐந்து பேரின் பங்கு. பக்கத்து வீட்டுக்காரர் வேலி மேலாக எட்டிப் பார்த்து, குளியல் தண்ணீரை வாளியில் பிடித்த கதையைச் சொன்னார், நான் செடிக்கு ஊற்றுவதைப் பார்த்த பிறகு முகம் கொஞ்சம் இளகியது.

பெரியவளின் தாடை செவ்வாய் காலையில் தட்டையாகிவிட்டது. குஞ்சு எதையும் காணோம். தின்றிருக்கும், இந்த மாதிரி அலைச்சலில் பெரும்பாலும் அப்படித்தான்.

வியாழன்

தொட்டி நேற்று வந்தது, கீறல்கூட இல்லை. தொட்டி வைக்கும் மேசையின் ஒரு கால் மட்டும் உடைந்து வந்திருக்கிறது, செங்கல் கொடுத்து, மட்டப்பலகை வைத்துச் சமம் பார்த்து, முதலில் வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விட்டோம், கீழே உலர்ந்த செய்தித்தாள் விரித்து. காலையில் தாள் உலர்ந்தே இருந்தது. மணல் கழுவிப் போட்டு, கேனிஸ்டருக்குள் பஞ்சும் வளையமும் திரும்பப் போய், கோழித் தீவனக் கடையில் வாங்கிய சிப்பித் துகள் ஒரு பை அதோடு. தினமும் சோடா கலக்க முடியாது, சிப்பி மெல்லக் கரைந்து காரத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மத்தியானம் எல்லாவற்றையும் உள்ளே விட்டோம். பழைய எல்லைகள் எல்லாம் ரத்து, கற்களையும் இடம் மாற்றி அடுக்கிவிட்டதால் யார் எங்கே என்று புதிதாக அடித்துக்கொள்கிறார்கள். சக்கர் மீன் ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது, இன்னும் வெளியே வரவில்லை.

ஆன்ட்டிக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினேன். "ஆத்துல விட்டுருக்கலாம்" என்று பதில், கூடவே சிரிக்கிற பொம்மை இரண்டு. அடுத்த இரண்டு வாரத்துக்குத் தினமும் அம்மோனியா பார்க்க வேண்டும், அதுவரை தீவனம் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் ஒரு சிட்டிகைதான் என்று மகளிடம் சொல்லி டப்பாவை மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.